குழந்தையின் நடைக்கு ஏற்ப நடந்த அம்மையார்

நம் திருவண்ணாமலைக்கு மௌனம் புதிதல்ல. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பவர்களும், குகைகளில் கண்மூடி அமர்ந்திருப்பவர்களும், பேசாமல் இருக்கப் பழகுவதற்காகவே கடல் கடந்து வருபவர்களும் நமக்கு அன்றாடக் காட்சி. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூருக்கு வந்து சேர்ந்த இரமண மகரிஷி, தம் மௌனத்தினாலேயே உலகறிந்தவரானார். ஆனால் மூன்று வயதுக் குழந்தை மௌனமாக இருக்குமா? ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களைக் கேட்டால் தெரியும்! பிரசங்க நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போகாத தாய் எந்தப் பங்கிலும் இல்லை. அங்கே போனதும் அழுகை நின்றுவிடும். பிள்ளை குந்தி உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தாய்க்கோ பிரசங்கம் போய்விட்டதே என்ற கவலை. பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

அதைக் கவனிப்பதற்கென்றே வாழ்ந்த ஒருவரைப் பற்றி, ஜூபிலி ஆண்டில் நம் பங்கு மக்களுக்கு எழுத விரும்பினேன். அவர் நம் திருச்சபையின் மகள். நம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிப் பலகைகள் இன்று தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. ஆனால் அவர் யார், என்ன சொன்னார் என்பது அப்பலகைகளைக் கடந்து செல்லும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டில் அங்கோனா நகரை அடுத்த கியராவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அலெசாந்திரோ, ரெனில்தே தம்பதியரின் ஒரே மகளாகப் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். மகள் மருத்துவம் படிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. தாய் துணை நின்றார். மகரிஷி நம் ஊருக்கு வந்த அதே 1896ஆம் ஆண்டில் மரியா உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அவருக்கு முன்னும் சிலர் இருந்தனர். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சிலருள் அவரும் ஒருவர்.

மருத்துவராக அவர் முதலில் கண்டது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை. அக்காலத்தில் அவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து மனநோய் இல்லங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். இவர்களுக்கு வேண்டியது மருந்து அன்று, கையால் தொட்டுச் செய்ய ஏதேனும் வேலை என்று அவர் கண்டார். அவர்களுக்காகவே பொருள்கள் செய்து பயிற்றுவித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விழா மலர்களில் இதைத் தவிர்த்து எழுதுவதே வழக்கம். ஆனால் இதை மறைத்தால் அவருடைய பிற்கால வாழ்க்கை விளங்காது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருடன் அவருக்கு ஏற்பட்ட நட்பில் 1898ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் ஒரு மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. அந்நாளைய சமூகம் அதைப் பொறுத்துக்கொள்ளாது. பிள்ளையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க விட்டார்கள். அம்மருத்துவர் பிறகு வேறொருவரை மணந்துகொண்டார். மரியா அவ்வப்போது போய்ப் பிள்ளையைப் பார்த்து வருவார், தாம் யார் என்று சொல்லாமலே. ஊரார் பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகள் எவ்வளவு அருமையானவை என்று உலகுக்கெல்லாம் எடுத்துச் சொன்ன அந்தத் தாய்க்குத் தம் சொந்த மகனின் அந்த ஆறு ஆண்டுகள் கிடைக்கவில்லை. தம் தாய் 1912ஆம் ஆண்டு இறந்த பிறகுதான், பதினைந்து வயதை எட்டிய மகன் மரியோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் உறவினர் பிள்ளை என்றே வெளியில் சொல்ல வேண்டியிருந்தது.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. கூலித் தொழிலாளர் நிறைந்த ஏழைக் குடியிருப்பு அது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்பது கட்டடக்காரர்களின் கவலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அம்மையாரைக் கேட்டார்கள். சுவரைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய பள்ளி உலகம் முழுவதும் பரவியது!

அங்கே அவர் கண்ட முதல் வியப்பு ஒரு மூன்று வயதுச் சிறுமி. பல அளவுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளுடைய கவனம் எவ்வளவு ஆழமானது என்று பார்க்க, மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் நின்று பாடச் சொன்னார். சிறுமி திரும்பவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். 40 முறைக்கும் மேல் அதையே செய்து முடித்து, தூங்கி எழுந்தவள் போல் முகமலர்ச்சியுடன் நிமிர்ந்து பார்த்தாளாம். சிறு பிள்ளைகளுக்குக் கவனம் நிலைக்காது என்று அதுவரை எல்லாரும் நம்பிவந்தது தவறு என்று அம்மையார் அன்று அறிந்தார். நாம் கொடுப்பதில் அவர்கள் கவனம் நிலைப்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வியப்பு மௌனம். ஒருநாள் அவர் பள்ளிக்குள் வரும்போது, முற்றத்தில் நின்ற ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தார். துணியில் சுற்றிய அந்தக் குழந்தை சத்தமில்லாமல் இருந்தது. இதைப் போல் அமைதியாக உங்களால் இருக்க முடியுமா என்று பிள்ளைகளிடம் விளையாட்டாகக் கேட்டார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அசையாமல் இருந்தார்கள். குழந்தையின் மூச்சு எவ்வளவு மெல்லியது என்று அவர் சொன்னதும், தங்கள் மூச்சையும் மெல்லியதாக்க முயன்றார்கள். அதுவரை காதில் விழாதிருந்த கடிகார ஓசையும், முற்றத்து ஓசைகளும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின.

இதிலிருந்துதான் மௌன விளையாட்டு என்பது பிறந்தது. பிள்ளைகள் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். ஆசிரியை அடுத்த அறைக்குப் போய், கதவருகே நின்று, ஒவ்வொரு பெயராக, கேட்டும் கேட்காத குரலில் கூப்பிடுவார். பெயர் கேட்ட பிள்ளை நாற்காலி ஓசைப்படாமல் எழுந்து, அடிமேல் அடிவைத்து வந்து சேர வேண்டும். கூப்பிடாத பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். பரிசு இல்லை, தண்டனை இல்லை. மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் வாங்க மறுத்துவிட்டனர். நாம் வகுப்பில் பிரம்பை மேசைமேல் தட்டிச் சும்மா இருக்கச் சொல்கிறோமே, அந்த அமைதி வேறு. அது வாயை மூடிய அமைதி. இது காதைத் திறந்த அமைதி.

மௌனத்தைக் கண்ட அம்மையார் பிள்ளைகளை நான்கு சுவர்களுக்குள் உட்கார வைத்தே அதைக் கற்பிக்கலாம் என்று எண்ணிவிடவில்லை. 1909ஆம் ஆண்டு வெளியான தம் முதல் பெரிய நூலிலேயே தோட்டத்துக்கும் செடி கொடிகளுக்கும் வளர்ப்பு உயிர்களுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். விதையை ஊன்றித் தண்ணீர் ஊற்றும் பிள்ளை, நாளை முளைக்கும் என்று காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. ஒன்று முன்னதாகவும் ஒன்று பின்னதாகவும் முளைப்பதைப் பார்க்கிறது. பொறுமையும் நம்பிக்கையும் சொற்பொழிவால் வருவதைவிட இப்படித்தான் வேகமாக வரும் என்பது அவர் கருத்து. மல்லாட்டைக் கொல்லையில் பிறந்து வளர்ந்த நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுகிறது.

அவர் எழுதியவற்றுள் என் மனத்தில் நின்றுவிட்ட ஒரு சம்பவம் உண்டு. உரோமையின் பின்சியோ பூங்காவில் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று சிறு வாளியில் கூழாங்கற்களை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போக நேரமாகியும் பிள்ளை எழுந்து வரவில்லை. பாசமுள்ள ஆயா, வாளியைத் தானே மளமளவென்று நிரப்பி, வாளியையும் பிள்ளையையும் தள்ளுவண்டியில் வைத்துவிட்டாள். பிள்ளை ஓவென்று அழுதது. வாளிதான் நிறைந்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகை? பிள்ளைக்கு வேண்டியிருந்தது நிறைந்த வாளி அன்று, நிரப்புகிற வேலை. நாம் எல்லாரும் அந்த ஆயாக்கள்தாம். பிள்ளையின் எழுத்தை நாம் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளையின் நடையை நாம் நடக்கிறோம். மலைவலப் பாதையில் பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துச் செல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளி நினைவுக்கு வருகிறது. பெரியவர்கள் போய்ச் சேருவதற்காக நடக்கிறார்கள், குழந்தை நடப்பதற்காக நடக்கிறது. ஆகவே குழந்தை நின்றால் நாமும் நின்று அது பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் கூறினார். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் கால் நனைக்கவும், பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கவும் பிள்ளைகளை விடச் சொன்னார். மருத்துவராக இருந்தும் சொன்னார்!

நம் மறைக்கல்விக்கு அவர் செய்த தொண்டு தனியே சொல்லத் தக்கது. ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில், முதல் உலகப் போர்க் காலத்தில், சிறு பிள்ளைகளுக்கென்றே தாழ்ந்த நாற்காலிகளும் சிறிய தீர்த்தத் தொட்டியும் கொண்ட ஒரு சிற்றாலயத்தை அமைத்தார். அதோடு விடவில்லை. பள்ளி நிலத்தில் ஒரு பக்கம் கோதுமையும் இன்னொரு பக்கம் திராட்சையும் பயிரிடச் செய்தார். பிள்ளைகள் விதைத்தார்கள், களை எடுத்தார்கள், கதிர் முற்றியதும் விழாவாகக் கூடி அறுத்தார்கள். அந்தக் கோதுமையும் திராட்சையும் பலிபீடத்துக்கு உரியவை என்பது அவர்களுக்குத் தெரியும். புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்று இதைவிட நன்றாக யார் சொல்லிக் கொடுக்க முடியும்? வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் காட்டிப் போதித்த ஆண்டவரின் முறையும் இதுவே அல்லவா! 1918ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவர்களின் ஆசீரும் அம்மையாருக்குக் கிடைத்தது.

பிறகு வந்தவை கசப்பான ஆண்டுகள். முதலில் ஆதரித்த முசோலினி, பிள்ளைகளைப் போர்வீரராக்கும் திட்டத்துக்கு அவர் உடன்படாததால் 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகளை மூடச் செய்தார். ஜெர்மனியிலும் அதே கதி. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சலோனாவை விட்டு ஓடி, கடைசியில் ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார்.

இந்நிலையில்தான் சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939ஆம் ஆண்டு நவம்பரில் 69 வயது அம்மையார் மகனோடு சென்னை வந்தார். 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் முதல் பயிற்சிக்கு வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். பிரம்மஞான சபையில் தங்கியதால் இவர் மதம் மாறிவிட்டார் என்று ஐரோப்பாவில் சிலர் பேசினார்கள். தாம் கத்தோலிக்கர் என்பதை அவர் மறைக்கவும் இல்லை, விடவும் இல்லை. தமக்கு இடம் கொடுத்தவர்களை இகழவும் இல்லை.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசின் கண்ணில் தாயும் மகனும் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆகிவிட்டனர். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாருக்குச் சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. எழுபதை நெருங்கிய வயதில், அந்நிய நாட்டில், பேச்சை மொழிபெயர்க்கவும் மகன் இல்லாமல் அவர் இருந்தார். இரண்டு மாதங்களுக்குப் பின், அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே அவரிடம் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த அந்த ஒரு சொல்லை ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது. அவர் அதை மறுக்கவில்லை.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்து மலையில், சோலைக்காடுகளுக்கும் ஏரிக்கும் நடுவே, ஒரு சிறு பள்ளி நடந்தது. நடக்கப் பழகும் பிள்ளை முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை அங்கே ஒன்றாகப் படித்தார்கள். இலங்கையிலிருந்து வந்த லேனா விக்கிரமரத்னா என்னும் ஆசிரியை துணையாக இருந்தார். பாறையில் படர்ந்த பாசி, பெரணி இலை, நீரில் நெளியும் புழு, பூச்சி, கல், இவையே பாடப்பொருள்கள். பிள்ளைகள் காட்டுக்குப் போய்க் கொண்டுவந்ததைப் பார்த்து, பிரித்து, பெயர் தெரிந்துகொண்டார்கள். மரியோ அவற்றிலிருந்து தாவரம், விலங்கு, நிலம் பற்றிய பாடக்கருவிகளைச் செய்தார். செண்பகனூரில் நம் இயேசு சபைத் தந்தையர் 1895 முதலே செடிகளையும் உயிரினங்களையும் சேர்த்து அருங்காட்சியகம் அமைத்திருந்த மலை அல்லவா அது! ஒரே ஒரு குறை. குறிஞ்சி 1934இல் பூத்து, அடுத்து 1946இல்தான் பூத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அம்மையார் இந்தியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

இந்த மலையில் உருப்பெற்றதுதான் அவருடைய பிரபஞ்சக் கல்வி. பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து எளிது. மண்புழு தன் வயிற்றுக்காக மண்ணைத் தின்கிறது. ஆனால் நிலம் பண்படுகிறது. பவளப் பூச்சி தன் கூட்டைக் கட்டுகிறது. ஆனால் ஆறுகள் கொண்டு வந்து கொட்டும் சுண்ணாம்பைக் கடலிலிருந்து எடுத்துவிடுகிறது. ஒவ்வோர் உயிரும் தான் அறியாமலே மற்றவற்றுக்கு ஊழியம் செய்கிறது. படைப்பில் மனிதனுக்கும் அப்படி ஒரு வேலை உண்டு என்பதைப் பிள்ளை உபதேசத்தால் அல்ல, பார்த்துப் பார்த்தே உணர வேண்டும். போர் உலகை எரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நடமாடவும் அனுமதி கேட்க வேண்டியிருந்த மூதாட்டி ஒருவர் பாசியையும் புழுவையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1947இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். அடையாறில் 1949இல் வெளியான ஆங்கில நூல்தான் உலகெங்கும் இன்றும் படிக்கப்படுகிறது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்தில் நார்ட்விக் என்னும் கடற்கரை ஊரில், ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி நடத்தலாமா என்று மரியோவிடம் பேசிக்கொண்டிருந்தார். மரியோ அடுத்த அறைக்குச் சென்று திரும்புவதற்குள் உயிர் பிரிந்தது. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். நம் வேலூர் மறைமாவட்டம் உருவானதும் அதே 1952ஆம் ஆண்டில்தான்.

அவருக்குப் பின் 1954இல் உரோமையில் சோபியா கவலெத்தி என்னும் விவிலிய அறிஞர், அம்மையாரின் முறையைக் கொண்டு நல்லாயன் மறைக்கல்வியைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் பங்குகளில் நடைபெறுகிறது. நம் ஊரை அடுத்த கணத்தம்பூண்டியிலும் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. அது மாண்டிசோரி பள்ளியும் அன்று, நம் சபைப் பள்ளியும் அன்று. ஆயினும் அங்குள்ள பிள்ளைகள் மலையில் நடக்கிறார்கள், மரம் நடுகிறார்கள், பறவை பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற நம் மலைச்சரிவில் இன்று காணும் பசுமையில் பிள்ளைகளின் கையும் உண்டு.

நம் பங்கில் ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் பாலர் வகுப்பு ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் திருப்பலி முடிந்து வெயில் ஏறுவதற்கு முன், அறுபது பேரை அல்ல, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் கோவில் வளாகத்து மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். என்ன கேட்கிறது என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பேருந்து ஒலியும் பக்கத்துக் கோவில் மணியும் முதலில் கேட்கும். அவற்றுக்குப் பின்னே அணில் கேட்கும், இலை கேட்கும். பிறகு தூரத்தில் நின்று ஒவ்வொருவர் பெயராக மெல்லக் கூப்பிடுங்கள். திரும்பி வரும்போது ஒரு பிள்ளை வழியில் குந்தி உட்கார்ந்துவிட்டால், இழுக்காமல் காத்திருங்கள். செருப்பைக் கழற்றிவிடலாம், ஆனால் வேலி ஓரமாகப் போக வேண்டாம். அங்கே கருவேல முள் கிடக்கிறது.